காதறைக்குத் தகுதி

மத்தளபுரி என்றொரு நாடு. அது எங்கே இருக்கிறது என்று வரைபடத்தை விரிக்காதீர்கள், கிடைக்காது. கடல் உண்டு, மலை உண்டு, இரண்டுக்கும் நடுவே நிறைய அலுவலகங்கள் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் உண்டு. மன்னர் யார் என்பதற்கல்ல, அதெல்லாம் என்றைக்கோ முடிந்துபோன விஷயம். அடுத்த ஐந்தாண்டுக்கு மன்னர் எந்த நிறத்தில் தலைப்பாகை கட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்கு. மக்கள் வெயிலில் வரிசையாக நின்று வாக்களிப்பார்கள். தங்கள் நிறம் ஜெயித்தால் வெடி வெடிப்பார்கள்.

அந்த நாட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எதுவானாலும் முரசறைந்து சொன்னால்தான் நடந்ததாகக் கணக்கு. பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பல்கூட முளைத்திருக்கும். முரசறையவில்லை என்றால் அது பிறக்கவில்லை. மழை கொட்டித் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடும். முரசறைவோர் வந்து சொல்லும்வரை அது கோடைதான். முரசு ஒன்றைச் சொல்லிவிட்டதோ, பிறகு மன்னரே வந்து இல்லை என்றாலும் செல்லாது. இந்த ஏற்பாட்டினால் வழக்கு வம்பு குறைந்தது என்று மத்தளபுரிக்காரர்களுக்கு ரொம்பத் திருப்தி.

பதினேழு வயதான பிள்ளைகள் எல்லோரும் அங்கே மகாதேர்வு எழுத வேண்டும். முடிவையும் முரசறைந்துதான் சொல்வார்கள், கடைசியாக வந்தவர் பெயரிலிருந்து தொடங்கி. முதலாவதாக வந்தவர் பெயர் வருவதற்குள் கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போயிருக்கும். ‘இது மாணவர்களுக்கு ஊக்கம் தருவதற்காக’ என்று கல்வி மந்திரி விளக்கம் சொல்லியிருந்தார்.

ஆண்டுதோறும் சில பிள்ளைகள் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டார்கள். தேர்வு ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. வீட்டுச் சண்டை, தனிமை, யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாத பாரம், எல்லாம் சேர்ந்துகொள்ளும். அரசாங்க மொழியில் இதற்கு ‘அனுமதியின்றி விடைபெறுதல்’ என்று பெயர். முன்பு ஒரு சுகாதார மந்திரி, கொஞ்சம் இளகிய மனசுக்காரர், சில பள்ளிகளில் ஒரு சிறிய அறையை ஒதுக்கி, பிள்ளைகள் பேசுவதைக் கேட்பதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவரை அங்கே உட்கார வைத்தார். ‘மாணவர் மனக்குறை செவிமடுப்பு மையம்’ என்று பலகை மாட்டினார்கள். பிள்ளைகளுக்கு அது வாயில் நுழையவில்லை. காதறை என்று வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் காதறைக்கு என்ன விலை என்று கண்டுபிடிக்கும் வேலை பெறுமதி அதிகாரி திருமேனிநாதரிடம் வந்தது. உலகத்தில் விலை போட முடியாத பொருள் இல்லை என்பது அவர் கொள்கை. பௌர்ணமி நிலவால் தெருவிளக்கு எண்ணெயில் எவ்வளவு மிச்சம், பட்டத்து யானை தும்மினால் கடைத்தெருவுக்கு எவ்வளவு நஷ்டம் என்றெல்லாம் சொல்லிப் பேர் வாங்கியவர். நிம்மதியான மனிதர். நல்ல ஜீரணம், மரகதம் என்று ஒரு மனைவி, பூங்கோதை என்று பதினாறு வயதில் ஒரே மகள், படுத்ததும் தூக்கம். இதற்கு மேல் ஒருவருக்கு என்ன வேண்டும்?

சில வாரங்களில் விடையோடு நிதி மந்திரி சேமநிதியார் முன்னால் போய் நின்றார்.

“ஐயா, ஒரு பிள்ளை பிழைத்திருந்தால் அறுபது வயது வரை உழைக்கும். வரி கட்டும். செருப்பு வாங்கும், குடை வாங்கும், கலியாணம் செய்துகொண்டு கடன் வாங்கும். அது போய்விட்டால் இத்தனையும் போகிறது. பெற்றவர்கள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். கூடப் படித்த பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதில்லை. அந்த நஷ்டமும் சேர்த்தி. காதறைக்கு ஆகும் செலவோ ஒரு ஆள் சம்பளம், ஒரு பாய், ஒரு பானைத் தண்ணீர். ஒரு பொன் போட்டால் பத்துப் பொன்னுக்குக் குறையாமல் திரும்புகிறது. பட்டத்து யானையைவிட லாபமான முதலீடு.”

சேமநிதியார் நாலாபுறமும் பார்த்தார். “எங்கே அந்தப் பத்துப் பொன்?”

“வரும் ஐயா. முப்பது நாற்பது ஆண்டுகளில்.”

“அடுத்த தலைப்பாகைத் தேர்தல் எப்போது?”

“வருகிற ஆனிக்கு அடுத்த ஆனியில்.”

“பார்த்தீரா?” என்றார் மந்திரி வருத்தத்தோடு. “அதோடு இன்னொரு சங்கடம். காதறை உள்ள பள்ளிகளில் இத்தனை பிள்ளைகள் சாகவில்லை என்கிறீர். சாகாத பிள்ளையை நான் எப்படி நம்புவது? எல்லாப் பிள்ளைகளும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கின்றன!”

முதல் ஆணை பிறந்தது. காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் யாவரும் அரண்மனை முற்றத்துக்கு வந்து, காதறை இல்லாவிட்டால் தாங்கள் இறந்திருப்போம் என்று ஊரறியச் சத்தியம் செய்ய வேண்டும். வருகிறவர்களுக்கு லட்டு உண்டு. அன்றைக்கு நல்ல கூட்டம். விசாரித்ததில் வந்தவர்கள் அத்தனை பேரும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள். பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. நெஞ்சுக்குள் வைத்துப் புழுங்கியதை முற்றத்தில் நின்று கத்த எந்தப் பிள்ளை வரும்?

“பயனடைந்தவர் எவருமில்லை என்று தெளிவாகிவிட்டது” என்றார் சேமநிதியார். “மேலும், சாவே நடக்காத பள்ளியில் சாவைத் தடுக்க ஆள் எதற்கு? எங்கே தேவையோ அங்கே வைப்போம். நல்லதாக ஒரு விதி எழுதும்.”

திருமேனிநாதர் எழுதினார். விதி எழுதுவதில் அவருக்கு ஒரு ரசனை உண்டு. ‘முரசறைந்து அறிவிக்கப்பட்ட விடைபெறுதல் நிகழ்ந்த பள்ளி மட்டுமே காதறை பெறத் தகுதியுடையது.’ வாசித்துப் பார்த்தார். கனகச்சிதமாக இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் கல்வி மந்திரிக்கும் தன் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. விடைபெறுதல் நிகழ்ந்த பள்ளியின் தலைமையாசிரியருக்கு அபராதம் என்று அவர் ஓர் ஆணை போட்டார். உடனே தலைமையாசிரியர்கள் முரசறைவோரைப் போய்ப் பார்த்தார்கள். அந்த ஆண்டு மத்தளபுரியில் மாணவர்களுக்குக் காய்ச்சல் அதிகம் கண்டது. விடைபெறுதல் ஒன்றுகூட இல்லை. தகுதியான பள்ளி இல்லாததால் காதறைகள் எல்லாம் மூடப்பட்டன. மன்னர் மகிழ்வர்மர் இரண்டு மந்திரிகளுக்கும் பதக்கம் குத்தினார்.

வடகோட்டைப் பள்ளியில் சித்திரைச்செல்வன் என்று ஒரு பையன். எல்லோரையும் சிரிக்க வைப்பானாம். அவன் போனதையும் காய்ச்சல் என்றுதான் முரசு சொன்னது. “எம்புள்ளைக்குக் காய்ச்சலே இல்லீங்க” என்று அவன் அம்மா வீடுவீடாகப் போய்ச் சொன்னாள். முரசு சொல்லாததை யார் காதில் வாங்குவார்கள்? கதவைச் சாத்திக்கொண்டார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை.

பூங்கோதையின் பள்ளியிலும் காதறையைப் பூட்டினார்கள். அங்கே இருந்தவள் சௌந்தரம். கணீரென்ற குரல். எப்போதும் மடியில் வறுத்த கடலை. அதிகம் புத்திமதி சொல்லமாட்டாள், கடலையைத் தள்ளிவிட்டு எதிராளி பேசும்வரை காத்திருப்பாள். பாயைச் சுருட்டி ஒப்படைத்துவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டாள். இதெல்லாம் திருமேனிநாதருக்குத் தெரியாது. மகள் சில நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மரகதம் சொன்ன பிறகுதான், ஒரு சாயங்காலம் கொல்லைப்புறத்தில் துவைகல்லில் உட்கார்ந்திருந்த மகளிடம் போனார்.

“என்னம்மா, உடம்பு சரியில்லையா?”

“காதறைய மூடிட்டாங்கப்பா.”

“அதுக்கா இப்படி உக்காந்திருக்கே? உங்க பள்ளிக்கு அது தேவையில்லாத செலவும்மா. அங்கதான் அந்த மாதிரி ஒண்ணுமே நடக்கலையே” என்றார். விதி தன்னுடையது என்ற பெருமை குரலில் கொஞ்சம் தெரிந்தது.

பூங்கோதை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். “நடந்திருக்கும்ப்பா. என்னாலதான் நடந்திருக்கும்.”

அவருக்குப் புரியவில்லை. புரிந்தது. புரியாமலே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

“போன ஐப்பசியில, நான் இருக்கவே வேணாம்னு தோணிட்டே இருந்துச்சு. தினமும். சிவகாமிகிட்ட மட்டும் சொன்னேன், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு. அவ நேரா போய் சௌந்தரம் அக்காகிட்ட சொல்லிட்டா. இந்த ஒரு சத்தியத்த மட்டும் காப்பாத்தக் கூடாதுன்னு காதறையில எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திருந்தாங்க. ஒரு மாசம் நான் அவகூடப் பேசவே இல்ல.”

“இப்ப?” என்று அவசரமாகக் கேட்டார்.

“இப்ப நல்லாத்தான் இருக்கேன். அடிக்கடி போய் அக்காகிட்ட பேசிட்டு வருவேன். உங்ககிட்ட வீணை வகுப்புன்னு சொல்லுவேன்.”

“வீணைதான் நாம வாங்கவே இல்லையேம்மா!”

“அதத்தான் நானும் யோசிச்சேன். அப்பா ஏன் கேக்கவே இல்லன்னு.”

திருமேனிநாதர் மகளுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊரான் பிள்ளைக்கெல்லாம் அவர் விலை போட்டிருந்தார்: வரி இவ்வளவு, செருப்பு இவ்வளவு, குடை இவ்வளவு. இந்தப் பிள்ளைக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று மனம் பழக்கத்தில் தானாகவே தொடங்கியது. செருப்பைத் தாண்டிப் போகவில்லை. வாசலில் அவள் கழற்றிப் போட்டிருந்த செருப்புத்தான் கண்ணில் நின்றது. பயந்துபோனார். வாய்விட்டு அழுதார். அவர் அழுவதைப் பார்த்து மரகதம் ஓடிவந்தாள், விஷயம் தெரிந்து அவளும் அழுதாள். கடைசியில் பூங்கோதைதான் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் அவர் சேமநிதியாரிடம் போனார். மகள் பள்ளிக்கு மட்டும் விதியைத் தளர்த்த முடியுமா என்று கேட்டார்.

“உமது விதியையா?” மந்திரிக்கு உண்மையாகவே அதிர்ச்சி. “‘முரசறைந்து அறிவிக்கப்பட்ட விடைபெறுதல்.’ இதில் ஒரு சொல்லை எடுக்க முடியுமா? கோபுரம் மாதிரி நிற்கிறதே! திருமேனிநாதரே, நானும் பிள்ளை பெற்றவன்தான். உம்முடைய சங்கடம் எனக்குப் புரிகிறது. அந்தப் பள்ளியில் ஒன்றே ஒன்று நடக்கட்டும், மறுநாள் காலையில் பாய் வந்து இறங்கும். இது என் வாக்கு.”

அதை அவர் அன்போடு சொன்னார். அதுதான் திருமேனிநாதருக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும்போது கடைத்தெருவில் முரசு ஒலித்தது. நன்றாகக் காய்ந்துகொண்டிருந்த வெயிலில், பலத்த மழை பெய்துகொண்டிருப்பதாக அது சொன்னது. கடைக்காரர்கள் மறுபேச்சில்லாமல் குடையை விரித்தார்கள். திருமேனிநாதர் நடுத்தெருவில் அப்படியே நின்றார்.

வீட்டுக்கு வந்து யோசனையைச் சொன்னதும் மரகதம் சீறினாள். “வாயக் கழுவுங்க! பெத்த பிள்ளையப் பத்தி என்ன பேச்சு இது!”

“முரசுல மட்டும்தாம்மா” என்றார் அவர், மகளைப் பார்த்து. “உனக்கு வேணாம்னா வேணாம். நான் வேற வழி பாக்கறேன்.”

பூங்கோதை கொஞ்சநேரம் யோசித்தாள். “எனக்குச் சாக இஷ்டமில்லப்பா. முரசுல மட்டும்னா சரி. சௌந்தரம் அக்கா வந்தா நிறையப் பேருக்கு நல்லது” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

தகப்பனே வந்து சொன்னால் முரசறைவோர் வேறு சாட்சி கேட்கமாட்டார்கள். சாயங்காலமே முரசறைந்தார்கள். பூங்கோதை ஜன்னலைத் திறந்துவைத்துக் கேட்டாள். அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வந்தார்கள். அவளே எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். “தங்கமான பொண்ணு” என்று அவள் கையால் மோர் வாங்கிக் குடித்தபடியே அவர்கள் மூக்கைச் சிந்தினார்கள். தலைமையாசிரியருக்கு விழுந்த அபராதத்தைத் திருமேனிநாதரே கட்டினார். வாழ்க்கையில் கணக்குப் பார்க்காமல் அவர் கொடுத்த முதல் பணம் அது.

மந்திரி வாக்குத் தவறவில்லை. மறுநாள் காலையில் பாய் வந்து இறங்கியது, அதன் பின்னாலேயே சௌந்தரமும் வந்தாள். பூங்கோதை வழக்கம்போல் பள்ளிக்குப் போனாள். ஆசிரியர் வருகைப் பதிவில் அவள் பெயரைத் தாண்டிப் படித்துவிட்டு, கரும்பலகை தெரிகிறதா என்று அவளிடம் கேட்டார். இறந்தவர்கள் வகுப்புக்கு வரக் கூடாது என்று எங்கும் சட்டமில்லை.

இந்த விஷயம் எப்படித்தான் பரவியதோ! அடுத்த ஊரிலிருந்து ஒரு தகப்பன் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். பிறகு ஒரு தாய். பிறகு கூட்டம் கூட்டமாக. ஒரு தலைமையாசிரியர், எதற்கு வம்பு என்று, அபராதத்துக்கு ஊரில் வசூல் செய்துகொண்டு பள்ளி முழுவதையும் ஒரே முரசில் முடித்துவிட்டார். ஊருக்கு ஊர் காதறை திறந்தது. பிள்ளைகள் போனார்கள், பேசினார்கள், கடலை தின்றார்கள். காய்ச்சல் நின்றது.

அடுத்த ஆனி நெருங்கியபோது சபை கூடியது. நாட்டில் மாணவர் எவரும் உயிருடன் இல்லை என்று சேமநிதியார் நடுங்கிக்கொண்டே தெரிவித்தார். மன்னர் மகிழ்வர்மர் கெட்டவர் அல்ல. யாரும் எதையும் சொல்லாததால் எதுவும் தெரியாதவர், அவ்வளவுதான். தலைப்பாகையைக் கழற்றிவைத்துவிட்டுக் கண்ணீர் விட்டார்.

“இதனால் நாட்டுக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்டார்.

“கஜானாவை நூறு முறை காலி செய்தாலும் ஈடாகாது, மகாராஜா. பெறுமதி அதிகாரியின் கணக்கு” என்றார் மந்திரி.

“தடுப்பதற்கு என்ன ஆகியிருக்கும்?”

திருமேனிநாதர் எழுந்தார். “பள்ளிக்கு ஒரு ஆள் சம்பளம், மகாராஜா. ஒரு பாய். ஒரு பானைத் தண்ணீர்.”

“இவ்வளவுதானா? ஏன் கொடுக்கவில்லை?”

“அப்போது அவர்கள் இறந்திருக்கவில்லை, மகாராஜா” என்றார் சேமநிதியார்.

வெளியே எங்கிருந்தோ பெரிய கூச்சல் கேட்டது. மன்னர் காதைத் தீட்டிக்கொண்டார். “அது என்ன சத்தம்?”

“இறந்த மாணவர்கள், மகாராஜா. இடைவேளை விட்டிருக்கிறார்கள்.”

மன்னர் சாளரத்துக்கு ஓடினார். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடுவதை வெகுநேரம் பார்த்தார். திரும்பியபோது முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஆனாலும் முரசு சொன்னதை மன்னராலும் மாற்ற முடியாதே? மந்திரிகள் மண்டையைக் குடைந்துகொண்டார்கள். கடைசியில் ஒரு வழி கிடைத்தது. எல்லா மாணவர்களும் இன்று காலையில்தான் பிறந்தார்கள் என்று முரசறைந்தார்கள். ஆகவே மகாதேர்வுக்கு இன்னும் பதினேழு ஆண்டுகள் இருந்தன. கல்வி மந்திரி மயங்கி விழுந்தார். கைக்குழந்தைகளுக்கு ஆகும் செலவாகக் கருதிக் காதறைகளை நிரந்தரமாக்கினார் மன்னர். பூங்கோதை தன் பிறந்தநாளைச் சிவகாமியோடு சேர்ந்து கொண்டாடினாள். மத்தளபுரி சுகமாக இருந்தது.

இந்தப் புகழ் எல்லை தாண்டிப் போனது. பக்கத்து நாட்டிலிருந்து நுண்மதியார் என்ற தூதர் ஆராய வந்தார். அந்த நாட்டார் புத்திசாலிகள். அங்கே முரசு கிடையாது. திருமேனிநாதர் வீட்டில் விருந்து. கதையைக் கேட்டுத் தூதர் புரையேறும்வரை சிரித்தார்.

“அடடா! பொய்ச் சாவச் சொல்லி அறை வாங்கியிருக்கீங்க! எங்க நாட்டுல இதெல்லாம் நடக்காதுங்க. அங்க நிஜமா நடந்தாத்தான் நடந்ததுன்னு அர்த்தம்.”

“அப்படின்னா உங்க பள்ளிகள்ல காதறை எப்படி வந்துது?” என்று ஆவலோடு கேட்டார் திருமேனிநாதர்.

“காதறையா? அதெல்லாம் வரலையே.”

“நிஜமாவே நடந்துமா?”

“நடந்தா உடனே விசாரணைக் குழு போட்டுருவோம். நிவாரணம் அறிவிப்போம். ரெண்டு நிமிஷம் எழுந்து நிப்போம்.”

“அப்புறம்?”

“அப்புறம் அடுத்தது நட...” என்றவர் நிறுத்தினார். சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கையும் நின்றது.

ரசம் ஊற்ற வந்த பூங்கோதை பேச்சை மாற்ற நினைத்தாள். “உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா, மாமா?”

“ஒரே பையன். உன் வயசுதாம்மா.”

“எப்படி இருக்கான்?”

நன்றாக இருக்கிறான் என்று சொல்லத் தூதர் வாயைத் திறந்தார். அந்தக் கேள்வியை அவனிடம் கடைசியாக எப்போது கேட்டோம் என்று நினைத்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை. இலையை மூடாமலே எழுந்து கை கழுவினார்.

“மன்னிச்சுக்குங்க” என்றார் மரகதத்திடம். “ரொம்ப தூரம் போகணும். வண்டிய இப்பவே பூட்டச் சொல்லுங்க.”